சுடுகாட்டுக் கோட்டமும் நூதனசாலையும்: ஓர் அசைவூட்டத் தொடரை முன்வைத்துச் சில சிந்தனைகள்

இலக்கியத்தில் இடம் என்பது நிகழ்ச்சிகளுக்குப் பின்னே தொங்கவிடப்படும் வெறும் திரைச்சீலையன்று என்பதைத் தமிழ்ச் செய்யுள் மரபை அறிந்தோர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலாயின கருப்பொருள். அவற்றினூடே வாழும் மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்த முறை, இடத்துக்கும் வாழ்வுக்கும் உள்ள பிணைப்பையே கவிதையின் அடிப்படையாகக் கொண்டது. இக்கோட்பாட்டைக் கையிற் கொண்டு இயற்கை வரலாற்று நூதனசாலை ஒன்றினுட் புகுவோமாயின் விந்தையானதொரு நிலைமையைக் காண்போம். குறிஞ்சிக்குரிய சிறுத்தையும் நெய்தலுக்குரிய சுறாவும் ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்து நிற்கின்றன. மாலைப்பொழுதுக்குரிய பறவையும் வைகறைக்குரிய பறவையும் ஒரே மின்விளக்கின் ஒளியில் இமையாது நோக்குகின்றன. கருப்பொருள்கள் அனைத்தும் அங்கே உள. முதற்பொருள் மாத்திரம் இல்லை. நிலத்தையும் பொழுதையும் இழந்த கருப்பொருள்களின் தொகுதியே நூதனசாலை எனலாம்.

இத்தகைய இடம் கற்பனைக் கதைகளுக்குக் களமாகும்போது என்ன நிகழ்கிறது? அக்கதைகள் இழந்தவற்றுள் எதை மீட்டுத் தருகின்றன, எதை மீட்காது விடுகின்றன? இவ்வினாக்களை, நம் தலைமுறையினர் பலர் சிறுவயதில் விரும்பிப் பார்த்த ஜாக்கி சான் அசைவூட்டத் தொடரை முன்வைத்தும், அதனோடு மணிமேகலைக் காப்பியத்துச் சக்கரவாளக் கோட்டத்தை ஒப்புநோக்கியும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒப்பீடு எங்கு சென்று முடியவேண்டும் என்பதும் முன்னரே தெளிவு: அது ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு ஆகிய நம் தீவுகளிற் சென்று முடியவேண்டும். ஏனெனின், நிலத்திலிருந்து பிரிக்கப்பட்ட பொருள்களைப் பற்றியும் பொருள்களிலிருந்து பிரிக்கப்பட்ட நிலத்தைப் பற்றியும் அறிந்துகொள்ள அவற்றினும் ஏற்ற இடம் அரிது.

சிறுவர் சித்திரத் தொடரொன்று பல்கலைக்கழகச் சஞ்சிகையிற் பேசத்தக்கதா என்ற ஐயம் எழலாம். மக்கள் பெருவாரியாகத் துய்க்கும் கலைவடிவங்களைப் புறக்கணிக்கும் திறனாய்வு மக்களையே புறக்கணிப்பதாகும் என்பதை ஈழத்துத் திறனாய்வு முன்னரே உணர்ந்துள்ளது. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981ஆம் ஆண்டிலேயே தமிழ்ச் சினிமாவை அரசியற் தொடர்புச் சாதனமாகக் கொண்டு ஆராய்ந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. சிறுவன் ஒருவன் உலகத்தை முதன்முதலாக எக்கதையின் வழியாகக் காண்கிறானோ அக்கதை, அவன் பின்னர் படிக்கும் காப்பியங்களைவிட ஆழமாக அவனுட் பதியவும் கூடும்.

பெயர்கள் உணர்த்துவன

முதலிற் பெயர்களை நோக்குவோம். 1851இல் நிறுவப்பட்ட சென்னை அருங்காட்சியகத்தை அந்நகரத்துப் பாமர மக்கள் 'செத்த காலேஜ்' என அழைத்தனர். எட்வர்ட் பால்ஃபோர் என்பார் அதன் பொறுப்பிலிருந்த காலத்தில், 1855இல், அவ்வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளும் காட்சிக்கு வைக்கப்பட்டன. பின்னர் தனியிடம் பெற்ற அவ்விலங்குக்காட்சிச் சாலையை மக்கள் 'உயிர் காலேஜ்' என்றனர். தொடக்கத்தில் அருங்காட்சியகம் ஜோர்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் இயங்கியமையாற் காலேஜ் என்னும் சொல் ஒட்டிக்கொண்டது என்பர். காரணம் எதுவாயினும், இவ்விரு பெயர்களையும் இணைத்து நோக்கின் கூர்மையானதொரு பாகுபாடு புலப்படும். அறிவைத் தரும் இடங்கள் இரண்டு: ஒன்று செத்தவற்றைக் கொண்டு கற்பிப்பது, மற்றையது உயிருள்ளவற்றைக் கொண்டு கற்பிப்பது. எழுத்தறியாதோர் என நாம் கருதும் மக்கள், நூதனசாலை பற்றி எழுதப்பட்ட பல நூல்கள் சொல்லாததை இரு சொற்களிற் சொல்லிவிட்டனர்.

ஈழத்தில் வழங்கும் பெயர் இதற்கு நேர்மாறானது. நூதனம் என்பது புதுமை. 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையிலும், 1986இல் அதனருகே தனியாகத் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்று நூதனசாலையிலும் உள்ளவை பழையனவும் இறந்தனவுமே. ஆயினும் அவற்றைக் காண்போர்க்கு அவை புதியன என்பதனால் நூதனசாலை என்றனர் போலும். ஒரு பெயர் பொருளின் நிலையைச் சொல்கிறது. மற்றையது காண்போனின் வியப்பைச் சொல்கிறது. கற்பனைத் தொடர்கள் நூதனசாலையைக் களமாகக் கொள்ளும்போது இவ்விரு பெயர்களுக்கும் இடைப்பட்ட வெளியிலேயே இயங்குகின்றன. செத்ததை வியப்புக்குரியதாக்குவதே அவற்றின் தொழில்.

அசைவு என்னும் வரம்

அசைவூட்டம் என்னும் கலைக்கும் நூதனசாலைக்கும் இடையே இயல்பானதோர் உறவு உண்டு. அசையாத ஓவியங்களை அடுத்தடுத்து ஓட்டி அவை அசைவதாக நம்பவைப்பது அசைவூட்டம். ஒருகாலத்தில் அசைந்தவற்றை அசையாது நிறுத்தி அவை வாழ்வதாக நம்பவைப்பது நூதனசாலை. எனவே முன்னையது பின்னையதைக் கண்டதும் அதனை அசைக்க விரும்புவதில் வியப்பில்லை. திரைப்படமும் இவ்விருப்பத்துக்கு விலக்கன்று. நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைக் களமாகக் கொண்டு 2006இல் வெளிவந்த 'நைட் அட் த மியூசியம்' படத்தில், எகிப்தியப் பலகையொன்றின் மாயத்தால் இரவுதோறும் காட்சிப்பொருள்கள் உயிர்பெறுகின்றன. பெரும்பல்லி இனத்தின் எலும்புக்கூடு நாய்க்குட்டிபோல் விளையாடுகிறது. விடியுமுன் அவை தத்தம் மேடைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதும், கட்டடத்தை விட்டு வெளியேறிய நிலையிற் பொழுது புலர்ந்தால் தூளாகிவிடும் என்பதும் அக்கதையின் விதி. இவ்விதியை ஊன்றி நோக்குதல் வேண்டும். உயிர் திரும்பிக் கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. உயிர்பெற்ற சிங்கம் தன் புல்வெளிக்குப் போக முடியாது.

ஜாக்கி சான் தொடரும் இதே அவாவினின்று பிறந்ததே. 2000ஆம் ஆண்டு முதல் 2005ஆம் ஆண்டு வரை ஐந்து பருவங்களாக, 95 அத்தியாயங்களில் அமெரிக்காவில் ஒளிபரப்பப்பட்ட இத்தொடர், 2007இல் தொடங்கப்பட்ட சுட்டி டிவியின் வழியாகத் தமிழ் பேசியது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த தொலைக்காட்சி அலைகளுக்கு எல்லைக் கட்டுப்பாடு இல்லாமையால் தமிழகத்துச் சிறுவரோடு ஈழத்துச் சிறுவரும் அதனைத் தமிழிலேயே கண்டனர். தமிழ்க்குரல் கொடுத்தோர் பேச்சுவழக்கையும் நகைச்சுவையையும் தாராளமாகக் கலந்தமையால், சீனப் புராணமும் அமெரிக்கச் சித்திரமும் கலந்த அத்தொடர் அந்நியமாகத் தோன்றவில்லை.

கதைத்தலைவன் தொல்பொருள் ஆய்வாளன். சான் பிரான்சிஸ்கோ நகரிற் பழம்பொருட் கடை நடத்தும் முதியவரான அங்கிள், ஹொங்கொங்கிலிருந்து வந்துசேர்ந்த சிறுமி ஜேட் ஆகியோரே அவன் குடும்பம். முதற் பருவத்தின் கதை, சீனச் சோதிட மரபின் பன்னிரு விலங்குகள் பொறித்த எண்கோணக் கற்கள் பன்னிரண்டைத் தேடுவது பற்றியது. எருதுக்கு வலிமை, முயலுக்கு விரைவு, பாம்புக்கு மறைவு, குதிரைக்கு நோய்தீர்க்கும் ஆற்றல் என ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் ஆற்றல் உண்டு. எலி பொறித்த கல்லின் ஆற்றலோ அசையாதவற்றை அசையவைப்பது. தொடரின் பகைவனாகிய சென்டு என்னும் பூதநாகம் 900 ஆண்டுகளுக்கு முன் கற்சிலையாக்கப்பட்டவன். கற்கள் ஒன்றுசேர்ந்தால் அவன் மீள எழுவான். அதாவது, இத்தொடரின் மையத்தில் நிற்பதே ஒரு காட்சிப்பொருள். அசையாப் பொருள் ஒன்று அசையுமா என்னும் அச்சமே கதையை நடத்துகிறது.

இவ்விடத்தில் இத்தொடர் மேற்சொன்ன திரைப்படத்தினின்று வேறுபடுகிறது. அங்கே அசைவு விளையாட்டு. இங்கே அசைவு ஆபத்து. பழம்பொருள் என்பது ஓய்ந்துபோன ஒன்றன்று, அதனுள் உறங்கும் ஆற்றல் நன்மைக்கும் தீமைக்கும் பயன்படும் என்ற உணர்வை இத்தொடர் சிறுவர்க்கு ஊட்டியது. கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதாற் பொருள் பாதுகாப்பாகிவிடுவதில்லை. அதன் வரலாறு தெரிந்தவன் ஒருவன் அருகிருக்க வேண்டும். தற்காப்புக் கலையில் வல்ல ஜாக்கியினும், பழஞ்சுவடிகளிற் புதைந்து கிடக்கும் அங்கிளே பல இக்கட்டுகளைத் தீர்க்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. அறிஞனைக் கேலிப்பொருளாக்கியும் அதே வேளை இன்றியமையாதவனாக்கியும் காட்டிய இந்நுட்பம் பாராட்டுக்குரியது. தொடாதே என எழுதப்பட்ட பொருளைத் தொட்டே தீரும் ஜேட் என்னும் பாத்திரமும் அவ்வாறே. நூதனசாலையிற் சிறுவர்க்கு மறுக்கப்படும் ஒரே உரிமையை அவள் ஓயாது மீறுகிறாள். அம்மீறலாற் கேடும் விளைகிறது, அறிவும் விளைகிறது.

கற்கள் போகும் வழி

எனினும் இத்தொடரின் குறைபாடும் இதே இடத்திற்றான் தொடங்குகிறது. முதல் அத்தியாயத்திலே பவேரியாவிலுள்ள கோட்டையொன்றிலிருந்து கேடயமொன்றை ஜாக்கி எடுத்துவருகிறான்; அதிற் பதிக்கப்பட்டிருப்பது அக்கற்களுள் ஒன்று. அத்தியாயத்துக்கு ஒரு நாடு என்ற முறையிற் கதை உலகைச் சுற்றுகிறது. ஒவ்வொரு நிலமும் ஒரு கல்லைத் தருகிறது. தந்தபின் கதையை விட்டு மறைந்துபோகிறது. திரட்டப்படும் கற்கள் பதின்மூன்றாம் பிரிவு என்னும் அரச இரகசிய நிலையத்தின் நிலவறையிற் பூட்டப்படுகின்றன. அக்கல் எம்மிடம் இருக்கட்டும் எனச் சொல்ல அந்நிலத்து மாந்தர்க்குப் பெரும்பாலும் வாய்ப்பில்லை. அவர்கள் அக்கல்லை எவ்வாறு அழைத்தனர், அதனை வைத்து என்ன செய்தனர் என்பதும் எவர்க்கும் தேவையற்றதாகிறது.

கற்களைக் கவர முயலும் கள்வர் கூட்டத்திலிருந்து ஜாக்கியை வேறுபடுத்திக் காட்ட இத்தொடர் பெரிதும் முயல்கிறது. கள்வன் தன்னலத்துக்காக எடுக்கிறான், அறிஞன் உலகநலத்துக்காக எடுக்கிறான் என்பது அதன் அறம். கள்வனுக்கும் அறிஞனுக்கும் உள்ள வேறுபாட்டை அது நன்கு அறிந்துள்ளது. அறிஞனுக்கும் உரியவனுக்கும் உள்ள வேறுபாட்டை அது அறியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தலைநகரங்களின் பெரும் நூதனசாலைகளை நிரப்பிய மனப்பான்மையும் ஏறத்தாழ இதுவே. குடியேற்ற நாடுகளின் விலங்கு, செடி, கல், சிலை அனைத்தும் பாதுகாப்புக்காகவே எடுத்துச் செல்லப்பட்டன என்று அன்று கூறப்பட்டது. தம் பொருள்களைத் திருப்பித் தருமாறு பல நாடுகள் இன்று கேட்டுநிற்கும் வேளையில், அப்பழைய மனப்பான்மை சிறுவர் தொடரொன்றில் எவ்விதக் கேள்வியுமின்றி உயிர்வாழ்ந்தமை சிந்தனைக்குரியது.

மூன்றாம் பருவம் இக்குறையைத் தானே உணர்ந்ததுபோல் ஒரு திருப்பத்தைக் கொண்டுள்ளது. கற்கள் அழிந்துபட, அவற்றுள் இருந்த ஆற்றல்கள் வெளியேறி உலகெங்குமுள்ள உயிருள்ள விலங்குகளைச் சென்றடைகின்றன. எருதின் ஆற்றல் உண்மையான எருதொன்றினிடமும், குதிரையின் ஆற்றல் உண்மையான குதிரையொன்றினிடமும் போய்ச் சேர்கின்றன. இத்தொடரின் மிக உயர்ந்த கற்பனை இதுவென்பேன். கல்லிற் பொறித்த உருவம் தன் மூலத்துக்குத் திரும்புகிறது. கருப்பொருள் மீண்டும் மூச்சுவிடுகிறது. சென்னை மக்களின் சொல்லாற் கூறுவதாயின், செத்த காலேஜ் உயிர் காலேஜாகிறது. ஆனால் கதை என்ன செய்கிறது? அவ்விலங்குகளையும் தேடிப்பிடித்து அதே பதின்மூன்றாம் பிரிவுக்குக் கொண்டுவந்து அடைக்கிறது. பகைவனிடமிருந்து காப்பதற்காக என்னும் நியாயம் இங்கும் உண்டு. கல்லைப் பூட்டிவைத்த கை, உயிரையும் பூட்டிவைக்கவே அறிந்திருந்தது. உயிர் கிடைத்தும் நிலம் கிடைக்கவில்லை என்னும் பழைய முடிவுக்கே நாம் மீண்டும் வந்துசேர்கிறோம்.

மயன் வகுத்த மண்ணீடு

இனி மணிமேகலைக்கு வருவோம். இன்றைய பொருளில் நூதனசாலை என்னும் நிறுவனம் அக்காலத்தில் இருந்ததில்லை. ஆயினும் உலகத்து நிலங்களையும் உயிர்களையும் உருவங்களாகச் செய்து ஓரிடத்தில் வைத்துக் காட்டும் எண்ணம் அக்காப்பியத்தின் ஆறாவது காதையாகிய சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் முழு வளர்ச்சியுடன் காணப்படுகிறது.

உவவனத்திலே மணிமேகலையையும் சுதமதியையும் சந்திக்கும் மணிமேகலா தெய்வம், சக்கரவாளக் கோட்டம் செல்லுமாறு கூறுகிறது. ஊரார் அனைவரும் சுடுகாட்டுக் கோட்டம் என அழைக்கும் இடத்தை நீ மாத்திரம் சக்கரவாளக் கோட்டம் என அழைப்பது ஏன் எனச் சுதமதி வினவுகிறாள். அவ்வினாவுக்கு விடையாகவே கதை விரிகிறது. புகார் நகரத்துச் சுடுகாட்டினுள் தனியே நுழைந்த சார்ங்கலன் என்னும் சிறுவன் பேயைக் கண்டு அஞ்சி, தாயிடம் ஓடிவந்து உயிர்விடுகிறான். பார்வையிழந்த கணவனையுடைய அத்தாய் கோதமை, மகனுடலைத் தழுவிக்கொண்டு சென்று காவற்றெய்வமாகிய சம்பாபதியிடம் முறையிடுகிறாள். தன்னுயிரை எடுத்துக்கொண்டு மகனுயிரைத் தருமாறு வேண்டுகிறாள். வினையின்வழிச் சென்ற உயிர் மீளாது எனத் தெய்வம் கூறியும் அவள் அமைதியுறாமையால், சக்கரவாளத்துத் தேவர்கள் அனைவரையும் சம்பாபதி அங்கே வரவழைக்கிறது. எவராலும் அது இயலாது என்பதே அனைவரின் மறுமொழி. அவர்கள் கூடிய அவ்விடத்திலேயே தெய்வத் தச்சனாகிய மயன், நடுவே மேருவும், அதனைச் சூழ ஏழு மலைகளும், நான்கு பெருந்தீவுகளும், இரண்டாயிரம் சிறுதீவுகளும், அவ்வவ்விடத்து வாழும் உயிர்களும் விளங்க மண்ணினால் ஓர் உலகமாதிரியை அமைத்தான்.

இக்கதையை நூதனசாலைக் கதைகளோடு வைத்து நோக்கும்போது மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, பெயர் பற்றியது. அறிந்தோர் சக்கரவாளக் கோட்டம் என்ற இடத்தைப் பொதுமக்கள் சுடுகாட்டுக் கோட்டம் என்றனர். அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்ற சென்னை மக்களின் மனவியல்பு புகார் மக்களிடமும் இருந்தது. உலகம் முழுவதையும் காட்டும் இடம் பிணங்களின் அயலில் இருப்பதை இருவரும் மறவாதிருந்தனர்.

இரண்டாவது, உயிர் பற்றியது. கற்பனைத் தொடர்களில் எலிக் கல்லோ எகிப்தியப் பலகையோ செய்வதை, சக்கரவாளத்துத் தேவர் அனைவரும் கூடியும் செய்ய மறுக்கின்றனர். சாத்தனார் காட்டும் உலகில் மாயங்களுக்குப் பஞ்சமில்லை. உறங்கும் பெண்ணைக் கடல்கடந்து எடுத்துச் செல்லும் தெய்வமும், வான்வழிச் செல்லவும் வேற்றுருக் கொள்ளவும் உதவும் மந்திரங்களும் அங்கு உள. இத்தனை மாயங்களையும் அனுமதித்த புலவர், இறந்தது மீள்வது என்னும் ஒன்றை மாத்திரம் அனுமதிக்கவில்லை. பௌத்த சமயக் கொள்கை இதற்குக் காரணம் என்பது வெளிப்படை. கலைநோக்கிலும் அது சரியானதே. கோதமையின் துயரம் ஒரு மந்திரக்கல்லால் தீர்ந்திருப்பின், அக்கோட்டம் எழுந்திருக்கவேண்டிய தேவையே இல்லை. இழப்பு மீளாதது என்று ஒப்புக்கொண்ட இடத்திலேயே நினைவுக்கூடம் தோன்றுகிறது.

மூன்றாவது, நிலம் பற்றியது. மயன் உயிர்களை மாத்திரம் செய்து வரிசையாக அடுக்கவில்லை. மலையோடும் தீவோடும் அவ்வவ்வுயிரை அவ்வவ்விடத்தில் அமைத்தான். கருப்பொருளை முதற்பொருளோடு சேர்த்தே வைத்தான். இன்றைய கதைகள் உயிரைத் தந்து நிலத்தை மறுக்கின்றன. பழங்காப்பியம் உயிரை மறுத்து நிலத்தைத் தருகிறது. இரண்டனுள் எது உண்மைக்கு அண்மையது என்பதை வாசகர் துணிவாராக. என்னளவில், உயிர் மீளும் என ஆறுதல் கூறும் கதையினும், எது எங்கே இருந்தது என்பதை மறவாது காட்டும் கோட்டமே கற்பிக்கும் ஆற்றல் மிக்கது.

ஊர்காவற்றுறை யானையும் நெடுந்தீவுக் குதிரையும்

இவ்வளவும் நம் தீவுகளுக்கு எவ்வாறு பொருந்தும்? தீவுகளின் இயற்கை வரலாறு, நிலம்பெயர்ந்த கருப்பொருள்களின் வரலாறாகவே உள்ளது. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறையில் வந்திறங்கும் பரதேசிகளைப் பேணவேண்டும் எனக் கூறுவதோடு, யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலங்கள் உடையின் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு எனவும், வணிகப் பண்டம் ஏற்றிய கலங்கள் உடையின் பாதி எனவும் வரையறுக்கிறது. விலங்குகளைச் சரக்காகக் கண்ட ஒரு துறைமுகத்தின் சட்டம் அது. பின்னர் போர்த்துக்கேயர் காலத்தில், வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்டு ஆனையிறவு வழியே நடத்திவரப்பட்ட யானைகள் இத்துறையிலேயே கப்பலேற்றப்பட்டன. கயிற்ஸ் என்னும் பெயரே யானைகளின் துறைமேடை எனப் பொருள்படும் போர்த்துக்கேயத் தொடரினின்று வந்ததாகும். யானை வாழாத தீவுக்கு யானையாற் பெயர் அமைந்தது.

நெடுந்தீவின் கதை இதற்கு மறுதலையானது. ஐரோப்பியர் கொணர்ந்து வளர்த்த குதிரைகள், அவர்கள் சென்றபின் ஏற்றுவாரும் ஓட்டுவாருமின்றி அப்பரந்த வெளியிற் கட்டாக்காலியாகப் பெருகின. அரபு வணிகர் கொணர்ந்தது என மரபு கூறும் ஆபிரிக்கப் பெருக்கமரமும் அங்கு வேரூன்றி நிற்கிறது. வந்த பொருள்கள் தமக்கென ஒரு நிலத்தைத் தேடிக்கொண்டன. சுண்ணமின்றி அடுக்கப்பட்ட பவளக்கல் வேலிகள், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, வளர்ந்துகொண்டே இருப்பதாக ஊரார் கூறும் கல், இராட்சதனின் காலடி எனக் காட்டப்படும் பள்ளம் ஆகிய யாவும் சேர்ந்து நெடுந்தீவைக் கூரையில்லாத ஒரு கோட்டமாக்கியுள்ளன. எந்தச் சித்திரத் தொடர் எழுத்தாளனும் விரும்பத்தக்க களம் அது. 2015இல் அத்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இங்கேதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. காண வருவோன் குதிரையைக் காண்கிறான், கல்லைக் காண்கிறான், மாலைப் படகிற் திரும்புகிறான். குறிகட்டுவானிலிருந்து படகுக்குக் காத்துநிற்கும் ஊரவரையும், வரட்சிக்காலத்திற் குதிரைகளுக்கும் மாந்தர்க்கும் ஒருங்கே ஏற்படும் நன்னீர்த் தட்டுப்பாட்டையும் அவன் காண்பதில்லை. ஜாக்கியின் தொடரில் ஒவ்வொரு நாடும் ஒரு கல்லாகச் சுருங்கியதுபோல, நெடுந்தீவு ஒரு குதிரையாகவும் நயினாதீவு ஒரு கோபுரமாகவும் சுருங்கும் ஆபத்து உண்டு. 1990, 1991ஆம் ஆண்டுகளில் நடந்த இராணுவ நடவடிக்கைகளின்போது வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு முதலிய இடங்களின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். போர் 2009இல் முடிந்தும் பலர் திரும்பவில்லை. கதவில்லாத வீடுகளும் பற்றை மூடிய கிணறுகளும் இன்றும் அங்கு உள. நூதனசாலையில் நிலமற்ற கருப்பொருள்களைக் கண்டோம். இங்கே உரிப்பொருளை இழந்த நிலத்தைக் காண்கிறோம்.

பொருள் எவ்வாறு உயிர்வாழும் என்பதற்கு நெடுந்தீவார் தாமே ஓர் எடுத்துக்காட்டைத் தந்துள்ளனர். 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் குமுதினி என்னும் படகிற் சென்ற பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். வேறெங்காயினும் அப்படகு கண்ணாடிக்குப் பின்னே நிறுத்தப்பட்டிருக்கும். நெடுந்தீவிலோ அதன்பின்னும் பல்லாண்டு காலம் அது அதே கடலில் அதே மக்களை ஏற்றி இறக்கியது. இறந்தோரின் நினைவையும் இருப்போரின் மூட்டைமுடிச்சுகளையும் ஒருங்கே சுமந்த அப்படகிற்குப் பூட்டும் தேவைப்படவில்லை, மந்திரக்கல்லும் தேவைப்படவில்லை.

ஆபுத்திரனின் பாத்திரம்

இறுதியாக மணிபல்லவத்தை நோக்குவோம். நயினாதீவே மணிபல்லவம் என்பது தீவக மக்களின் மரபு. ஆய்வாளரிடையே இதுபற்றிக் கருத்து வேறுபாடு உண்டாயினும், நம் நோக்கத்துக்கு அம்மரபே போதுமானது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பெற்ற ஆபுத்திரன், கப்பல் தவறவிட்டுச் சென்றமையால் மக்கள் இல்லாத அத்தீவிற் தனித்துவிடப்படுகிறான். உண்பார் எவருமின்றித் தான் மாத்திரம் உண்ண அப்பாத்திரத்தைப் பயன்படுத்த அவன் மனம் ஒப்பவில்லை. ஆண்டுக்கொருமுறை வெளித்தோன்றுக என வேண்டிக் கோமுகிப் பொய்கையில் அதனை விட்டுவிட்டு, உண்ணாது உயிர்துறக்கிறான். பின்னர் மணிமேகலையின் கையிற் கிடைத்த அது தீவிற் தங்கவில்லை. பசித்தோர் உள்ள நகருக்குச் செல்கிறது. சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறவும் அதுவே ஏதுவாகிறது.

அரும்பொருள் பற்றி நம் இலக்கியம் கூறிய மிக ஆழமான கருத்து இதுவென்று கருதுகிறேன். உலகிலேயே அரியதொரு பொருள், மக்களற்ற தீவில் ஒரு பயனுமற்றது. அதன் அருமை அதனிடம் இல்லை. கையேந்தி நிற்போரிடம் உள்ளது. ஜாக்கியின் தொடர் பன்னிரு கற்களை நிலவறையிற் பூட்டியபோது உலகம் காப்பாற்றப்பட்டதாக மகிழ்ந்தது. ஆபுத்திரனோ தனக்கு மாத்திரம் பயன்படும் அமுதசுரபியைக் கைவிட்டு இறந்தான்.

யாழ்ப்பாணம் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருட் காட்சிச்சாலையின் வாயிலில் ஒல்லாந்தர் பீரங்கிகளின் அருகே திமிங்கில எலும்புகள் வைக்கப்பட்டுள்ளமை பலரும் அறிந்ததே. கொழும்பு இயற்கை வரலாற்று நூதனசாலையிலும் 1894இல் அம்பலாங்கொடைக் கரையிற் கிடைத்த நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூடு உண்டு. அவற்றை அசைத்துக் காட்டும் கதையொன்றை நம் சிறுவர்க்காக எவரேனும் எழுதுவாராயின் அது வரவேற்கத்தக்கதே. அக்கதை ஒரு படி மேலே செல்லவேண்டும். எலும்புக்கூடு எழுந்து மண்டபத்துள் வலம்வந்து விடியுமுன் மேடைக்குத் திரும்புதல் போதாது. அது கடல்வரை செல்லவேண்டும். அக்கரையில், அது எக்கடலின் உயிர் என்பதைச் சொல்லத்தக்க மாந்தர் சிலராவது வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும். தீவுகளில் நூதனசாலை அமைக்க விரும்புவோர் முதலிற் படகையும் குடிநீரையும் பாடசாலையையும் உறுதிசெய்வாராக. மக்கள் தங்கினாற் பொருள்கள் தாமே பேசும். மக்கள் நீங்கினால், மயனே வந்து வகுத்தாலும் அது சுடுகாட்டுக் கோட்டமாகவே இருக்கும் என்பது இக்கட்டுரையின் துணிபு.